சக்கரியாஸ் குனுக்: மானியத்தில் வளர்ந்தவரா, மானிய விதியோடு மல்லுக்கட்டியவரா?

4 அக்டோபர் 2025, இரவு 9.20 | கேள்வி கேட்டவர்

டொராண்டோ திரைப்பட விழாவில் இந்த ஆண்டு சிறந்த கனடியப் படத்துக்கான விருது சக்கரியாஸ் குனுக்கின் புதுப் படத்துக்குப் போயிருக்கிறது. கனடாவின் வட துருவப் பகுதிப் பழங்குடியான இனுயிட் இனத்தவர். 2001-லேயே 'அட்டனார்ஜுவாட்' படத்துக்காகக் கான் விழாவில் கேமரா தோர் (சிறந்த முதல் படத்துக்கான விருது) வாங்கியவர். எனக்கு ஒரு சந்தேகம். பழங்குடிக் கலைஞர்களுக்கென்றே கனடாவில் தனி நிதி இருக்கிறது. அரசுப் பணம் கைக்கு வந்தால் யாரும் படம் எடுத்துவிடலாமே? அதோடு, அவரை இயக்குநர் என்றால் போதாதா? தயாரிப்பாளர் என்று தனியாகத் தூக்கிப் பேச என்ன இருக்கிறது?

4 அக்டோபர், இரவு 11.05 | பதில் சொல்பவர்

பணம் முதலில் வரவில்லை. வரிசையைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

குனுக் 1957-ல் கபுயிவிக் என்ற இடத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்காக 1966-ல் வட கனடாவில் இருக்கும் இக்லூலிக் என்ற ஊருக்குக் குடிவந்தார்கள். வளர்ந்தபின் அவருடைய பிழைப்பு கற்சிற்பம். 1981-ல் சிற்பங்களை மான்ட்ரியலில் விற்று, அந்தக் காசில் ஒரு வீடியோ கேமராவும் பதிவுக் கருவியும் 26 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அப்போது இக்லூலிக்கில் தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. வசதி இல்லாததால் அல்ல. 1975-லும் 1979-லும் ஊரே வாக்களித்து வேண்டாம் என்றது. செயற்கைக்கோள் வழியே வரவிருந்த நிகழ்ச்சிகளில் அவர்கள் பேசும் இனுக்டிடுட் மொழி இல்லை என்பதுதான் காரணம். இனுயிட் ஒளிபரப்புக் கழகம் தொடங்கி, சொந்த மொழியில் நிகழ்ச்சி உண்டு என்று ஆன பிறகே 1983-ல் ஊருக்குள் தொலைக்காட்சி வந்தது.

குனுக் அந்தக் கழகத்தின் இக்லூலிக் நிலையத்தில் சேர்ந்து மூத்த தயாரிப்பாளர் வரை உயர்ந்தார். பின்னாளில் அவரோடு நிறுவனம் தொடங்கிய பால் அபாக் அங்கிலிர்க்கும் அங்கே வேலை பார்த்தவர்தான்.

நீங்கள் சொல்லும் மானியத்துக்கு வருகிறேன். 1985-ல் குனுக் கனடா கலை மன்றத்துக்கு விண்ணப்பித்தார். தொழில்முறைக் கலைஞருக்கான உதவித்தொகைக்குத் தகுதி உடையவர் என்று ஏற்கப்பட்ட முதல் பழங்குடி விண்ணப்பதாரர் அவர். அதற்கு முன்பு அந்த வாசலே திறந்திருக்கவில்லை. "அரசுப் பணம் இருந்ததால் எடுத்தார்" என்பது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது.

5 அக்டோபர், காலை 7.40

தயாரிப்பாளர் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு.

ஒளிபரப்புக் கழகத்தில் அவருக்குச் சம்பளம் வந்தது, கருவி இருந்தது, பார்வையாளரும் இருந்தார்கள். இருந்தும் விட்டு வந்தார். தலைமை அலுவலகம் ஒட்டாவாவில். எதை எடுப்பது, எவ்வளவு செலவழிப்பது, எந்தக் கருவி எங்கே போவது எல்லாம் அங்கிருந்து முடிவாகும். நிகழ்ச்சியை இனுயிட் மக்கள் எடுத்தாலும் கல்லாப்பெட்டியின் சாவி தெற்கே இருந்தது.

1990-ல் இசுமா நிறுவனம் பதிவானது. குனுக், அபாக், மூத்தவர் பாவ்லூசி குலிடாலிக், நார்மன் கோன் என்று நான்கு பேர். முதல் மூவர் இனுயிட். கோன் நியூயார்க்கில் பிறந்து மான்ட்ரியலில் இருந்த வீடியோ கலைஞர், ஒளிப்பதிவையும் பார்த்துக்கொண்டார். பெரும்பான்மைப் பங்கு இனுயிட் கையில் இருந்த முதல் தயாரிப்பு நிறுவனம் அதுதான். ஒரு படத்தை இயக்கியதைவிட இந்தப் பதிவு பெரிய வேலை என்பது என் கருத்து. கதையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியும். உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் அடுத்த படம் உண்டா இல்லையா என்பது இருக்கிறது.

5 அக்டோபர், மதியம் 1.15

இன்னொரு அமைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. 1991-ல் இக்லூலிக்கிலேயே டாரியாக்சுக் வீடியோ மையம் என்ற லாப நோக்கற்ற அமைப்பும் தொடங்கப்பட்டது. கலை மன்றம் போன்ற இடங்களில் பயிற்சிக்கும் கருவிக்கும் பணம் கேட்க லாப நோக்கற்ற அமைப்பு வேண்டும். டெலிஃபிலிம் என்ற கனடா அரசுத் திரைப்பட நிதி அமைப்பின் முதலீடு, வரிச்சலுகை, ஒளிபரப்பு உரிமத் தொகை இவற்றுக்கு நிறுவனமாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்குப் பாதிக் கதவு மூடியிருக்கும். பெண்களின் அர்னைட் வீடியோ குழுவும் இதே சமயத்தில் அங்கே உருவாகி, 2008-ல் முழுநீளப் படம் வரை போனது.

இரண்டு அமைப்பு வைத்தால் ஒரு ஆபத்து உண்டு. ஒரே கேமராவின் செலவை இரண்டு கணக்கிலும் எழுதிவிட்டால் தணிக்கையில் மாட்டும். கருவி யாருடையது, யாருக்கு என்ன வாடகைக்குப் போகிறது என்று முதல் நாளே தாளில் இருக்க வேண்டும்.

5 அக்டோபர், மாலை 6.30 | இன்னொரு வாசகர்

அந்த மையம்தானே பிறகு என்ஐடிவி ஆனது? ஆஸ்திரேலியாவில் எஸ்பிஎஸ் என்ற பொது ஒளிபரப்பு நிறுவனத்தோடு இருக்கிற அலைவரிசை?

5 அக்டோபர், இரவு 8.10

இல்லை, அவை இரண்டும் வேறு. ஆங்கிலச் சுருக்கப் பெயரின் நான்கு எழுத்தும் ஒன்றாக இருப்பதால் இணையத்தில் பலர் கலந்துகட்டி எழுதுகிறார்கள். டாரியாக்சுக் மையம் பின்னாளில் எடுத்துக்கொண்ட பெயர் நூனவுட் சுயாதீனத் தொலைக்காட்சி (நூனவுட் என்பது இக்லூலிக் இருக்கும் ஆட்சிப்பகுதி). ஆஸ்திரேலியாவின் என்ஐடிவி அந்நாட்டுப் பூர்வகுடிகளின் தேசியத் தொலைக்காட்சி, 2007-ல் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவில் ஒப்பிட வேண்டிய ஆள் பூர்வகுடி இயக்குநர் ரேச்சல் பெர்கின்ஸ். 1992-லேயே பிளாக்ஃபெல்லா ஃபிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். 2008-ல் எஸ்பிஎஸ்ஸுக்காக ஏழு பகுதி வரலாற்றுத் தொடர், 2012-ல் ஏபிசி என்ற இன்னொரு பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்காக சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியை மையமாக வைத்த நாடகத் தொடர் என்று நிறுவனம் படிப்படியாக வளர்ந்தது. அங்கேயும் முதலில் நிறுவனம், பிறகு தொடர். அவரைப் பற்றித் தனி இழையே போடலாம், இங்கே விடுகிறேன்.

6 அக்டோபர், இரவு 10.25

அட்டனார்ஜுவாட் படத்தின் பணக் கணக்குதான் கேள்விக்கு நேரான பதில்.

அபாக் எட்டு மூத்தவர்களிடம் அந்தப் பழங்கதையைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். எட்டு வடிவங்களையும் வைத்து ஐந்து பேர் கொண்ட குழு திரைக்கதையை எழுதியது. இனுக்டிடுட்டிலும் எழுதினார்கள், நிதி தருபவர்கள் படிக்க ஆங்கிலத்திலும் எழுதினார்கள். இது இரட்டை வேலை. தெற்கே இருக்கும் தயாரிப்பாளருக்கு இந்தச் செலவே கிடையாது.

பிறகு டெலிஃபிலிம். அப்போது அங்கே பெரிய தொகை ஆங்கில, பிரெஞ்சு மொழிப் படங்களுக்கு. பழங்குடி மொழிகளுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தது, ஆனால் ஒரு படத்துக்கான உச்சவரம்பு பல மடங்கு சிறியதாக இருந்தது. நீங்கள் சலுகை என்று நினைக்கும் அந்தத் தனி நிதிதான் இங்கே வேலியாக நின்றது. இனுக்டிடுட் படம் என்றால் சிறிய தொகைதான், பெரிய தொகை வேண்டும் என்றால் மொழியை மாற்று என்ற நிலை. மொழியை மாற்ற இசுமா சம்மதிக்கவில்லை. இருந்த பணத்தோடு 1998 வசந்தத்தில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள், பணம் தீர்ந்து நின்றது. அதே ஆண்டில் அபாக் புற்றுநோயில் இறந்தார். டெலிஃபிலிமோடு வாதாடி, தேசியத் திரைப்பட வாரியத்தையும் கூட்டுத் தயாரிப்பாளராகச் சேர்த்துக்கொண்டு 1999-ல்தான் மீண்டும் எடுத்தார்கள்.

மொத்தச் செலவு ஏறத்தாழ 20 லட்சம் கனடா டாலர். கானில் விருது, அடுத்த ஆண்டு கனடாவின் திரைப்பட விருதான ஜெனியில் சிறந்த படம். முழுக்க இனுக்டிடுட்டில் எழுதி, நடித்து, இயக்கிய முதல் முழுநீளப் படம்.

7 அக்டோபர், காலை 9.00 | டொராண்டோவில் தயாரிப்புக் கணக்கு பார்ப்பவர்

வரிச்சலுகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மத்திய அரசின் சலுகை தகுதியுள்ள கூலிச் செலவில் 25%. ஆனால் கணக்கில் எடுக்கும் கூலி மொத்தத் தயாரிப்புச் செலவில் 60%-ஐத் தாண்டக் கூடாது. ஆக உச்சம் 15%. அட்டனார்ஜுவாட் காலத்தில் அந்த வரம்பு 48%, அதாவது உச்சம் 12%. மானியமாக வந்ததைக் கழித்துவிட்டு மிச்சச் செலவின் மேல்தான் இந்தக் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் மானியம் கழியும் என்பதை மறந்துவிட்டு வரவை அதிகமாகப் போட்டுவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பணம் படம் முடிந்து, சான்றிதழ் வாங்கி, வரி விவரம் தாக்கல் செய்த பிறகே வரும். படப்பிடிப்பில் கையில் இருக்காது. வங்கியில் இடைக்காலக் கடன் வாங்க வேண்டும். வட்டியையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் திட்டச் செலவிலேயே ஒரு வரியாகப் போடாவிட்டால் கடைசியில் தயாரிப்பாளர் சம்பளத்திலிருந்துதான் போகும்.

இக்லூலிக் மாதிரி ஊருக்கு ஒரு நுணுக்கம். வேட்டைக்காரரிடம் காரிபூ மான்தோலை விலைக்கு வாங்கினால் அது பொருட்செலவு. அவரையே படக்குழுவில் சம்பளத்துக்கு வைத்தால் கூலிச் செலவு. ஒரே தோல்தான், சலுகைக் கணக்கில் வித்தியாசம் வரும்.

7 அக்டோபர், இரவு 9.50

மேலே சொன்னதற்கு நன்றி. அதிலிருந்தே தொடர்கிறேன். தோல் என்றதும் உடை நினைவுக்கு வருகிறது. இந்தப் படங்களின் கால அட்டவணையை நிர்ணயிப்பது நடிகரின் தேதி அல்ல, உடைதான்.

குளிர்கால உடைக்குக் காரிபூ தோல் வேண்டும். ரோமம் சரியான அடர்த்தியில் இருப்பது ஆகஸ்ட், செப்டம்பர் வேட்டையில். அதை உலர்த்தி, சுரண்டி, மெதுவாக்கி, விலங்கின் தசைநாணால் தைக்க வேண்டும். ஒரு நடிகருக்கு உள்ளுடை, வெளியுடை, காற்சட்டை, கையுறை, காலணி என்று பல தோல்கள் போகும். தையல் தெரிந்த மூத்த பெண்கள் ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில். அடுத்த ஏப்ரலில் படம் எடுக்க வேண்டும் என்றால் இந்த ஆகஸ்டிலேயே வேட்டைக்குப் பெட்ரோலும் தோட்டாவும் வாங்கிக் கொடுக்கப் பணம் தேவை. ஆனால் நிதி நிறுவனங்களின் ஒப்புதல் கடிதம் எப்போது வேண்டுமானாலும் வரும். ஜனவரியில் வந்தால் ஒரு வருடம் போச்சு.

தைத்த உடையைச் சூடான அறையில் தொங்கவிடக் கூடாது. தோல் காய்ந்து ரோமம் கொட்டும், காட்சிக்குக் காட்சி உடை வேறு மாதிரி தெரியும். சூடில்லாத கொட்டகையில் வைப்பார்கள்.

மரச்சாமான், ஜெனரேட்டர் போன்ற கனமானவை கப்பலில்தான். இக்லூலிக்குக்குச் சாலை கிடையாது, கடல் உறைந்திருக்கும். கோடை முடிவில் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் சரக்குக் கப்பல் வரும். தவறவிட்டால் விமானச் சரக்கு, எடைக்கு எடை காசு.

8 அக்டோபர், காலை 6.55

கேமராவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபிலிமில் எடுத்தால் சுருளைத் தெற்கே ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அட்டனார்ஜுவாட்டை டிஜிட்டல் பீட்டாகேம் என்ற வீடியோ நாடாவில் எடுத்து, கடைசியில் 35 மி.மீ. ஃபிலிமுக்கு மாற்றினார்கள். செலவு குறைவு என்பது பாதிக் காரணம்தான். எடுத்ததை அன்றைக்கே போட்டுப் பார்க்கலாம். மூத்தவர் பார்த்து, நாயை அப்படிக் கட்ட மாட்டார்கள், விளக்குத் திரியை அப்படித் தட்ட மாட்டார்கள் என்று சொன்னால் மறுநாள் திருத்திவிடலாம். கோனும் குனுக்கும் 1989-லிருந்தே வீடியோவில் இப்படித்தான் வேலை செய்து பழகியிருந்தார்கள். 1994-95-ல் எடுத்த 13 பகுதித் தொடர் முழுக்க இதற்கான பயிற்சிக் களமாக இருந்தது.

குளிரில் கேமரா உறைவதைவிட ஆபத்து, கேமரா சூட்டுக்குள் வருவது. வெளியே மைனஸ் 30, கூடாரத்துக்குள் அடுப்பு எரிகிறது. கேமராவை உள்ளே கொண்டுவந்த நொடியில் லென்ஸ் வெளுத்துவிடும், நாடாக் கருவிக்குள் சுழலும் தலை மீதும் ஈரம் படியும். ஈரப்பத உணரி அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை எழுத்தைக் காட்டிக் கருவியைப் பூட்டிவிடும். துடைத்துப் பயனில்லை. மீறி ஓட்டினால் நாடா தலையில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும், எடுத்ததும் போய்விடும். இதற்கு இரண்டே வழி. கேமராவை இரவெல்லாம் வெளியிலேயே விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் வெளியில் இருக்கும்போதே நெகிழிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி உள்ளே கொண்டுவந்து, பையின் வெளிப்புறம் காய்ந்து, கருவி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஆகும்.

மின்கலத்தை உடையின் உட்பக்கம், உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். குளிரில் ஏறத்தாழ பாதித் திறன்தான் கிடைக்கும். சாதாரணக் கம்பிகளின் உறை விறைத்து உடையும், சிலிக்கோன் உறை தேவை.

பனியில் தானியங்கி வெளிச்சக் கணக்கை நம்பினால் முகம் கறுத்துவிடும். முகத்தை வைத்துக் கையால் சரிசெய்துகொண்டு, வெளிச்சத்தைக் குறைக்க வடிகட்டி போட வேண்டும். வெள்ளை எரிந்துபோனால் வீடியோவில் மீட்க முடியாது.

8 அக்டோபர், இரவு 7.30 | ஒலிப்பதிவில் இருப்பவர்

ஒலியை விட்டுவிட்டீர்களே. மைனஸ் 20-க்குக் கீழே காய்ந்த பனி காலடியில் கீச்சிடும். பக்கத்தில் நிற்கிற ஒளிப்பதிவாளர் காலை மாற்றி வைத்தாலே வசனத்தில் ஏறும். படக்குழு நிற்கும் இடத்தில் தோலோ கம்பளமோ விரிக்க வேண்டும். பனிவீட்டுக்குள் நிலைமை தலைகீழ். பனிச்சுவர் எதிரொலியை விழுங்கிவிடும், ஒலிக்கூடம் மாதிரி சுத்தமாகக் கிடைக்கும்.

8 அக்டோபர், இரவு 9.15

ஆமாம். பனிவீட்டில் வேறொரு சிக்கல் உண்டு. வழக்கமான அளவில் கட்டினால் கேமரா பின்வாங்க இடம் இராது, அதனால் படத்துக்குப் பெரிதாகக் கட்ட வேண்டும். நடிகர்கள், குழு, குல்லிக் என்ற கொழுப்பு விளக்கு எல்லாம் சேர்ந்தால் உள்ளே சூடேறிச் சொட்டத் தொடங்கும். காட்சி முடிந்ததும் எல்லோரும் வெளியேறி ஆறவிட வேண்டும். அந்த நேரத்தையும் அன்றைய திட்டத்தில் எழுதிவைக்கிறவர்தான் அங்கே நல்ல தயாரிப்பு நிர்வாகி.

9 அக்டோபர், மாலை 5.45 | கேள்வி கேட்டவர்

மானியம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் விருதுக்குப் பிறகு பணம் கொட்டியிருக்குமே? 2011-ல் நிறுவனம் மூழ்கிவிட்டது என்று படித்தேன். அப்படியென்றால் தயாரிப்பாளராகத் தோற்றார் என்றுதானே ஆகிறது?

9 அக்டோபர், இரவு 11.30

விருது பெற்ற படத்தின் வசூல் தயாரிப்பாளரிடம் வரும் பாதையைப் பாருங்கள். திரையரங்கு தன் பங்கை எடுக்கும், ஏறத்தாழ பாதி. மிச்சத்தில் விநியோகஸ்தரின் கழிவு. பிறகு பிரதி, விளம்பரச் செலவு. அதற்கப்புறம் முதலீட்டாளர்கள் போட்டதை எடுப்பார்கள், டெலிஃபிலிமும் அந்த வரிசையில் நிற்கிறது. கடைசியில்தான் நிறுவனம். வெற்றிப் படத்திலேயே அங்கே எஞ்சுவது சொற்பம். சிறு நிறுவனங்கள் உயிரோடு இருப்பது அடுத்த படத்தின் தயாரிப்புக் கட்டணத்தை நம்பி. இரண்டு படங்களுக்கு இடையே இடைவெளி நீண்டால் அலுவலக வாடகையே கடனாகிவிடும்.

2006-ல் அடுத்த படம், டென்மார்க்கோடு கூட்டுத் தயாரிப்பு, டொராண்டோ விழாவின் தொடக்கப் படம். 2008-ல் இசுமா டிவி இணையதளம். 2011-ல் நிறுவனம் கடன் கொடுத்தவர்களின் சார்பில் நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குப் போனது, உண்மைதான். அது கடுமையான அடி, மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் தோல்வி என்று முடிப்பது அவசரம். அட்டனார்ஜுவாட்டில் மட்டும் இக்லூலிக்கில் சுமார் 60 பேர் வேலை பார்த்தார்கள். ஏறத்தாழ 2,000 பேர் வாழும் ஊர் அது. தையல், ஒப்பனை, ஒலி, படத்தொகுப்பு என்று ஒரு தலைமுறை கைத்திறன் பெற்றது. பெயர்ப் பலகை விழுந்தபோது அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. கிங்குல்லீத் என்ற நிறுவனத்தின் பெயரில் வேலை தொடர்ந்தது. 2016-ல் முழுநீளப் படம், 2019-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் கனடா அரங்கம் முழுவதும் இசுமாவுக்கு, 2021-ல் பொம்மைகளை நகர்த்தி எடுத்த குறும்படத்துக்கு அன்னெசி அனிமேஷன் விழாவில் விமர்சகர் விருது. தெற்கிலிருந்து ஆள் கூட்டிவந்து எடுத்திருந்தால் 2011-லேயே எல்லாம் முடிந்திருக்கும்.

10 அக்டோபர், காலை 8.20

இசுமா டிவி பற்றி நேற்று ஒரு வரியில் கடந்துவிட்டேன், கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நூனவுட்டில் இணையம் செயற்கைக்கோள் வழியே வந்தது, மெதுவானது, விலை அதிகம். யாருக்காக எடுத்தார்களோ அவர்களாலேயே அந்த வீடியோவைப் பார்க்க முடியாத நிலை. அதனால் ஊர்களில் உள்ளூர் சேமிப்புக் கணினி வைத்து, படங்களை அதில் இறக்கி வைத்து, அங்கிருந்து வேகமாகப் பார்க்கவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிடவும் வழி செய்தார்கள். 2021 ஜனவரியில் நூனவுட் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிய உவகுட் டிவி முழுக்க இனுயிட் மொழியில் ஓடும் கனடாவின் முதல் அலைவரிசை. இரண்டு முறை தொலைக்காட்சியை மறுத்த ஊர்க்காரர்கள் கேட்டது இதைத்தான்.

10 அக்டோபர், இரவு 10.40

தனிமடலில் ஒருவர் கேட்டது, எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே. வாய்மொழிக் கதையைப் படமாக்க உரிமையை யாரிடம் வாங்குவது?

காப்புறுதி நிறுவனமும் விநியோகஸ்தரும் கதை உங்களுக்கு வந்த வழியைக் காட்டும் ஆவணச் சங்கிலி கேட்பார்கள். பழங்கதைக்குப் பதிப்புரிமை இல்லை என்று சட்டம் சொல்லும், சமூகம் அப்படிச் சொல்லாது. கதைசொல்லிய ஒவ்வொருவரிடமும் தனி ஒப்பந்தம் வேண்டும். பதிவு எதற்குப் பயன்படும், மூலப்பதிவு யாரிடம் இருக்கும், எந்தப் பகுதியை வெளியே காட்டக் கூடாது, கதைசொல்லி இறந்துவிட்டால் யார் சம்மதம் தருவது, இவை நான்கும் கட்டாயம். அவர் மொழியிலும் எழுத வேண்டும், படிக்காதவர் என்றால் வாசித்துக் காட்டியதையே ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆலோசகர் கட்டணத்தைத் திரைக்கதைச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். நன்றி அட்டையில் பெயர் போட்டுக் கணக்கை முடித்துவிடுவது சரியல்ல.

முடிவை மாற்றினால் மறுபடி போய்க் கேட்க வேண்டும். பழங்கதையில் அட்டனார்ஜுவாட் எதிரிகளைக் கொன்றுவிடுகிறான், படத்தில் கொலை நிற்கிறது, மன்னிப்பும் ஊர் நீக்கமும் வருகிறது. மூத்தவர்கள் எழுத்துக் குழுவுக்குள்ளேயே இருந்ததால் இப்படி ஒரு பெரிய மாற்றத்தை ஊருக்குள் வைத்தே பேசி முடிக்க முடிந்தது.

மாதிரி ஒப்பந்தமும் நடைமுறையும் வேண்டுமென்றால் இரண்டு கையேடுகள் இருக்கின்றன. டொராண்டோவின் இமேஜின்நேட்டிவ் அமைப்பு 2019-ல் வெளியிட்டது ஒன்று, ஸ்கிரீன் ஆஸ்திரேலியா 2009-ல் வெளியிட்டது ஒன்று. ஆஸ்திரேலியக் கையேட்டில் சட்டப் பகுதி விரிவு, அதை முதலில் படியுங்கள். கனடா நிதிக்கு விண்ணப்பிக்கிறவர் மற்றதை.